நாக்கு எரிகிறது, புண் ஒன்றும் இல்லை: என்ன செய்வது?

கேள்வி: வயது 56. எட்டு மாதமாக நாக்கு நுனியும் கீழுதட்டின் உட்புறமும் மிளகாய் கடித்ததுபோல எரிகின்றன. காலையில் அவ்வளவாகத் தெரியாது, சாயங்காலம் ஆக ஆக ஏறுகிறது. சாப்பிடும்போது மட்டும் அடங்குகிறது. வாயில் எப்போதும் ஒரு கசப்பு. சர்க்கரைக்கு ஆறு வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். மணத்தக்காளிக் கீரை, பி காம்ப்ளக்ஸ் எல்லாம் பார்த்தாகிவிட்டது. "புண்ணே இல்லையே" என்று இரண்டு டாக்டர்களும் சொல்லிவிட்டார்கள். புற்றுநோயாக இருக்குமோ?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்வது புற்றுநோயின் போக்கு இல்லை. அது பெரும்பாலும் ஒரு பக்கமாக, ஒரே இடத்தில், இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணாகவோ தடிப்பாகவோ, சிவப்பு அல்லது வெள்ளைத் திட்டாகவோ தெரியும். அப்படி எதையாவது கண்டால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமான வரி, "சாப்பிடும்போது அடங்குகிறது" என்பதுதான். புண், பூஞ்சைத் தொற்று, லைக்கன் பிளானஸ் (வாய்க்குள் வெள்ளைக் கோடுகளாக வரும் அழற்சி) என்று வாயின் உட்தோலில் கோளாறு இருந்தால் காரமும் புளிப்பும் பட்டவுடன் எரிச்சல் கூடும். பாக்கு, குட்கா போடுபவர்களுக்கு வரும் நார்த்தடிப்பு நோயும் இப்படித்தான் தொடங்கும்: குழம்பு பட்டால் எரியும், நாளாக ஆக வாய் திறப்பது குறுகும். மூன்று விரல்களை நெட்டுக்குத்தாக அடுக்கி வாய்க்குள் விட முடியவில்லையென்றால் பாக்கை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். அது பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடியது.

உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல், தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரிச்சல், பார்த்தால் வாய் சுத்தமாக இருக்கிறது என்றால் அதற்கு 'பர்னிங் மவுத் சிண்ட்ரோம்' என்று பெயர். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம் வருகிறது. இதை மனப்பிரமை என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். இந்த நோயாளிகளின் நாக்கிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதித்த ஆய்வுகளில், மெல்லிய நரம்பு இழைகள் குறைந்திருப்பதும், மிச்சமுள்ள இழைகளில் காரத்தை உணரும் ஏற்பிகள் கூடியிருப்பதும் தெரியவந்திருக்கிறது. மிளகாய் கடித்ததுபோல என்று நீங்கள் எழுதியது ஏறக்குறைய அப்படியே உண்மை.

ஆனால் அந்தப் பெயரைச் சூட்டுவதற்கு முன் மற்ற காரணங்களைக் கழித்தாக வேண்டும். உங்கள் விஷயத்தில் என் முதல் சந்தேகம் பி12 குறைபாடு. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 உடம்பில் சேர்வது குறையும். கூடவே அல்சர் மாத்திரையும் சாப்பிடுபவர் என்றால், சைவமும் என்றால், இன்னும் கூடுதல் சந்தேகம். நல்ல வெளிச்சத்தில் நாக்கை நீட்டிப் பாருங்கள். மேல்பரப்பின் சொரசொரப்பு போய், ஓரங்களில் சிவந்து வழவழவென்று மின்னினால் சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். அப்படி இல்லாவிட்டாலும் ரத்தப் பரிசோதனை வேண்டும்: பி12, ஃபோலிக் அமிலம், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு, மூன்று மாத சர்க்கரை அளவு. ஏற்கெனவே பி காம்ப்ளக்ஸ் சாப்பிட்டிருப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்; ரிப்போர்ட்டில் பி12 சரியாக இருப்பதுபோல் காட்டிவிடும்.

அப்புறம் மாத்திரைப் பட்டியல். ரத்த அழுத்தத்துக்குத் தரும் எனாலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு வாய் எரிச்சல் தரும். நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். பல் செட், ஆஸ்துமா இன்ஹேலர் இருந்தால் பூஞ்சைக்கும் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்து நரம்புக் கோளாறுதான் என்று முடிவானால், வலிப்புக்கும் பதற்றத்துக்கும் தரும் குளோனசெபாம் மாத்திரையை விழுங்காமல் மூன்று நிமிடம் சப்பித் துப்பச் சொல்வது உண்டு. பலருக்குக் கேட்கிறது. ஆனால் பழக்கத்துக்கு ஆளாக்கும் மருந்து. சீட்டு இல்லாமல் கேட்காதீர்கள். ஆல்ஃபா லிபோயிக் அமிலம் என்ற சத்து மாத்திரை சிலருக்கு உதவியது, சிலருக்கு இல்லை. நான் அதைப் பெரிதாக நம்புவதில்லை. வலியைச் சமாளிக்கும் மனநல ஆலோசனைக்கு நல்ல பலன் உண்டு. அனுப்பினால் "எனக்கென்ன பைத்தியமா" என்று கோபப்பட வேண்டாம்.

இப்போதைக்கு பேஸ்ட்டை மாற்றிப் பாருங்கள்: நுரை தரும் சோடியம் லாரில் சல்ஃபேட்டும் லவங்கப்பட்டை வாசனையும் இல்லாததாக. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். எரிச்சல் ஏறும் நேரத்தில் ஐஸ் துண்டு சப்பலாம், சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். நாக்கைப் பல்லில் தேய்த்துக்கொண்டே இருக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

காட்ட வேண்டியது பல் மருத்துவக் கல்லூரிகளில் உள்ள வாய் மருத்துவப் பிரிவில். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியிலேயே இருக்கிறது. போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.