அலமாரியில் கிடந்த ஜூம் கேமரா: கேட்டதும் சொன்னதும்

முன்னால் மூக்கு நீளும் பழைய பிலிம் கேமரா வீட்டில் இருந்தால், அதில் சந்தேகமும் இருந்தால் கேளுங்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். பெங்களூரில் இத்தனை அலமாரிகளில் இத்தனை கேமராக்கள் தூங்குகின்றன என்று எனக்குத் தெரியாமல் போச்சு. நான் ரிப்பேர்காரன் இல்லை. இந்த மாதிரிக் கேமராவில் பல வருடமாக ரோல் போடுகிறவன், அவ்வளவுதான்.

கேள்வி (ஜீவன் பீமா நகர்): அண்ணா, இது அப்பாவின் கேமரா. லென்ஸைச் சுற்றி 38–105 என்று இருக்கிறது. பேட்டரி போட்டால் உயிர் வருமா?

வரும் என்றுதான் தோன்றுகிறது. இவற்றில் பெரும்பாலும் 3 வோல்ட் லித்தியம் பேட்டரிதான். சிஆர்123ஏ அல்லது சிஆர்2. இரண்டும் வேறு வேறு அளவு, அதனால் பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். ஆன் செய்ததும் லென்ஸ் வெளியே வந்து, ஜூம் நீண்டு சுருங்கி, பிளாஷ் விளக்கும் எரிந்தால் ஒரு ரோலை நம்பிப் போடலாம். பின்மூடி ஓரத்துக் கறுப்புப் பஞ்சை மட்டும் விரலால் தொட்டுப் பாருங்கள். தார் மாதிரி ஒட்டினால் அது இற்றுப்போய்விட்டது, அதை மாற்றும்வரை வெளிச்சம் கசியலாம்.

கேள்வி (அல்சூர்): சாயங்காலம் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலையை முழு ஜூமில் எடுத்தேன். எல்லாமே நடுங்கி வந்திருக்கிறது. லென்ஸ் போச்சா சார்?

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு வந்த குறைதான் இந்தக் கேமராக்களில் முக்கால்வாசிப் பேருக்கும் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லென்ஸின் முன்வளையத்தைப் பாருங்கள். 38–105 மாதிரி ஜூமின் எல்லையை மில்லிமீட்டரில் சொல்லும் எண்களுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கும். ஒரு பேச்சுக்கு 4.5, 9 என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, ஜூம் சுருங்கி இருக்கும்போது லென்ஸ் திறக்கும் அளவு. இரண்டாவது, முழுக்க நீண்டபோது. எண் பெரிதானால் திறப்பு சிறிது. எண் இரட்டிப்பானால் உள்ளே வரும் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். அந்தக் குறையை ஈடுகட்ட ஷட்டர் நான்கு மடங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். கை ஆட்டமோ ஜூமில் பெரிதாகத் தெரியும். ஆக, நடுக்கம் இரண்டு பக்கத்திலிருந்தும் அடிக்கிறது.

செய்ய வேண்டியது: ஜூமைச் சுருக்கிவிட்டு நடந்து கிட்டே போங்கள். குறைந்த வெளிச்சத்துக்கும் ஈடுகொடுக்கும் 400 ஐஎஸ்ஓ ரோல் போடுங்கள். ரோல் டப்பாவின் மேலுள்ள கறுப்பு வெள்ளிக் கட்டங்களிலிருந்து இந்த ஐஎஸ்ஓ எண்ணைக் கேமரா தானே படித்துக்கொள்ளும், நீங்கள் எதையும் திருக வேண்டாம். முழு ஜூமைப் பகல் வெளிச்சத்துக்கும் முகங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது அழகு. இன்னொன்று, அந்தச் சிலை 1991-லிருந்து 2009 வரை திறக்கப்படாமல் துணிக்குள் காத்திருந்த சிலை. வள்ளுவர் மறுநாள் காலைவரை பொறுத்துக்கொள்ள மாட்டாரா என்ன?

கேள்வி (ராமமூர்த்தி நகர்): லால்பாக் கண்ணாடி மாளிகைக்கு முன்னால் அம்மாவையும் சித்தியையும் நிற்க வைத்து எடுத்தேன். மாளிகை பளிச்சென்று இருக்கிறது, இவர்கள் இரண்டு பேரும் மங்கல்!

கேமரா சொன்னபடி செய்திருக்கிறது. போகஸ் பார்ப்பது நடுவில் மட்டும். இரண்டு பேர் நின்றால் நடுவில் இருப்பது இடைவெளி. அது வழியாக மாளிகையைப் பிடித்துவிட்டது. நடுக்குறியை அம்மாவின் முகத்தில் வைத்து, பொத்தானைப் பாதி மட்டும் அழுத்துங்கள். வியூபைண்டர் ஓரத்தில் பச்சை விளக்கு நிலையாக எரியும். விரலை எடுக்காமல் கேமராவைத் திருப்பி இரண்டு பேரையும் சட்டத்துக்குள் கொண்டுவந்து மீதியை அழுத்துங்கள். ரோல் போடாமலே வீட்டில் பத்து முறை பழகினால் விரலுக்குத் தானாக வந்துவிடும். சித்தி கோபித்துக்கொண்டால் அடுத்த படத்தில் அவர் முகத்தைப் பிடியுங்கள்.

கேள்வி (சிவாஜிநகர்): பெங்களூர் கரகத் திருவிழாவுக்கு ராத்திரி போகிறேன். பிளாஷ் போதுமா?

கூட்டத்துக்கு நடுவே தூரத்தில் வரும் கரகத்துக்குப் போதாது. எதிரே இரண்டு மூன்று மீட்டரில் நிற்கும் ஆளுக்குத்தான் இந்தக் குட்டி பிளாஷ். அங்கேயும் ஜூம் எதிரி: திறப்பு எண் இரட்டித்தால் பிளாஷ் எட்டும் தூரம் பாதியாகும். சுருக்கியே வைத்து, பக்கத்தில் வரும் முகங்களை எடுங்கள். பளீர் என்று பிளாஷ் பட்ட மல்லிகையும் பின்னால் இருட்டும், அதுவே ஒரு படம்தான்.

கேள்வி (கே.ஆர். புரம்): சென்னை ரயிலில் ஏசி பெட்டி ஜன்னல் வழியாக எடுத்தால் வெளியே மங்கலாகிறது.

பல கேமராக்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அனுப்பித் தூரம் அளக்கின்றன. கண்ணாடி அதைத் திருப்பிவிட்டால் கண்ணாடியையே பொருள் என்று நினைத்துக்கொள்ளும். மலைப் படம் போட்ட பொத்தான் இருந்தால் அதைப் போடுங்கள், தூரத்துக்கே போகஸ் நிற்கும். பிளாஷையும் அணையுங்கள். அணைத்ததை ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மறந்துவிடும் கேமராக்களும் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பனஸ்வாடி): லென்ஸ் பாதியில் நின்றுவிட்டது. நானே திறந்து பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி. பிளாஷுக்கான கெபாசிட்டர் உள்ளே 300 வோல்ட் அளவுக்குச் சேர்த்து வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது அடிக்கும். ஒருமுறை ஸ்க்ரூ டிரைவர் நழுவி அதில் பட்டுவிட்டது; என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்த சத்தம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. புது பேட்டரி போட்டுப் பாருங்கள், பல நேரம் சார்ஜ் குறைவுதான் காரணம். அதற்கும் அசையாவிட்டால் ரிப்பேர் கடை.

கேள்வி (அல்சூர், இன்னொருவர்): ஓரத்தில் தேதி விழுகிறது, ஆண்டு தப்பு.

பல மாடல்களில் ஆண்டு 2019-ஓடு முடிந்துவிடும். வெறும் கோடுகள் வரும்வரை தேதிப் பொத்தானை அழுத்தி அணைத்துவிடுங்கள்.

கேள்வி (பிரேசர் டவுன்): ரோல் பாதியில் இருக்கும்போது குழந்தை பின்மூடியைத் திறந்துவிட்டாள். எல்லாம் போயிற்றா அண்ணா?

உடனே மூடினீர்கள் அல்லவா? அப்புறம் எண் காட்டும் சின்னத் திரையைப் பாருங்கள். படம் எடுக்க எடுக்க எண் 36-லிருந்து குறைந்துகொண்டே வந்ததா? அப்படியென்றால் அது முதலிலேயே முழு ரோலையும் வெளியே இழுத்து வைத்துக்கொண்டு, எடுத்த படங்களை ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் சுருட்டும் வகை. எடுத்தவை பத்திரம், வெளியே இருந்த காலிப் பகுதிதான் போச்சு. ஒன்று, இரண்டு என்று ஏறும் வகையானால் தலைகீழ்: எடுத்தவைதான் வெளிச்சம் பார்த்திருக்கும். அப்போதும் சுருளின் உள்ளடுக்குகளில் சில தப்பலாம். ரோலைச் சுருட்டும் குட்டிப் பொத்தானைப் பேனா முனையால் அழுத்துங்கள், கழுவக் கொடுங்கள். உங்களுடையது ஏறும் வகையா, இறங்கும் வகையா என்று எழுதுங்கள்.