புதுச்சேரி பெரிய மார்க்கெட்டின் வரலாறு என்ன? அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது சரியா?

இடிக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவில் இருக்கும் இந்த மார்க்கெட் பிரெஞ்சுக்காரர் காலத்தது. நேரு வீதிக்கே அப்போது துய்ப்ளே வீதி என்றுதான் பெயர். பிரெஞ்சு ஆளுநராக இருந்த அந்தத் துய்ப்ளேவுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்த ரங்கப்பிள்ளையின் வீடு மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே இன்னும் நிற்கிறது, அவரும் துணி, பாக்கு என்று பெரிய வியாபாரம் செய்தவர்தான். அதாவது ஊரின் கடைத்தெரு வாழ்க்கை இந்தப் பக்கமே தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் காவல் நிலையத்துக்குக் கூட இன்னமும் பெரியகடை என்றுதான் பெயர்.

இந்த மார்க்கெட்டுக்குக் குபேர் அங்காடி என்ற பெயர் எதுவார் குபேரால் வந்தது. 1954-ல் இந்தியாவோடு இணையும் பக்கம் வந்து, 1963-ல் முதலமைச்சரானவர். கடற்கரைச் சாலைக்கும் அவர் பெயர்தான்.

சரி, இப்போதைய பிரச்சினைக்கு வருவோம். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இடித்துக் கட்டப்போகிறோம் என்றதும் வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் பயம் நியாயமானது. உரிமம் உள்ள கடைக்காரருக்காவது கையில் ஒரு காகிதம் இருக்கிறது, தரையில் கூடை வைத்து அன்றன்று அடிக்காசு கட்டி மீனும் பூவும் கீரையும் விற்கிற பெண்களுக்கு அதுவும் இல்லையே, வேலை முடிகிறவரை வேறெங்கோ போய் உட்காருங்கள் என்றால் வாடிக்கை கலைந்துவிடும், திரும்பி வரும்போது அந்த இடம் அவர்களுக்குத்தான் என்று யார் உறுதி கொடுப்பது?

கட்டடம் மோசமாக இருப்பது உண்மைதான். மழைக்காலத்தில் உள்ளே போனவர்களுக்குத் தெரியும், காலடியில் சேறு, தலைக்கு மேலே தொங்கும் மின்கம்பிகள். ஆனால் பராமரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று மேரி கட்டடத்தில் பார்த்துவிட்டோம். 1870-களில் எழுந்த நகராட்சி மாளிகை, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள், அழகாகவே இருக்கிறது. ஆனால் பழைய மேரி போனது போனதுதான்.

முதலில் வடிகாலையும் மின்கம்பிகளையும் சரிசெய்யட்டும். அப்புறம் ஒரு பகுதியை மட்டும் காலி செய்து, கூரையையும் சுவரையும் பழுது பார்த்து, அங்கிருந்தவர்களைத் திரும்ப உட்கார வைத்த பிறகே அடுத்த பகுதியைத் தொட வேண்டும். அதற்கும் முன்னால், அடிக்காசுக்காரர்கள் உட்பட எல்லோர் இடத்தையும் எழுத்தில் பதிந்து கையில் கொடுக்க வேண்டும்.