கத்திரிக்கோல் என்று பெயர் எடுத்த அதிகாரி

கேள்வி: ஐயா, தலைமைச் செயலகத்தில் நிதித்துறையில் பிரிவு அலுவலராக இருக்கிறேன். பதினாறு வருட சர்வீஸ். மற்ற துறைகள் அனுப்பும் செலவுக் கருத்துருக்களைப் பார்த்து நோட் எழுதுவது என் வேலை. அந்தத் துறைக்காரர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'கத்திரிக்கோல்'. மருத்துவமனைகளுக்குப் புதிய பணியிடங்கள் கேட்டு வந்த ஒரு ஃபைலில் 'ஏற்க இயலாது' என்று எழுதினேன். அது மேலே போய், முழுசாக ஒப்புதலாகித் திரும்பி வந்தது. செக்‌ஷனில் சிரித்தார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் அண்ணி எல்லார் முன்னாலும், "எங்க ஊர் ஆஸ்பத்திரியில ராத்திரி நர்ஸே இல்ல. நீதானே பணம் தராம தடுக்கறே?" என்று கேட்டுவிட்டார். தடுப்பதற்காகவா விழுந்து விழுந்து படித்து வந்தேன்? ஏதாவது வாரியத்துக்கு அயற்பணியில் (டெபுடேஷன்) போய்விடலாமா?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: அம்மா, முதலில் உங்கள் அண்ணியின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். செக்‌ஷன் சிரிப்பு காத்திருக்கட்டும்.

ராத்திரி நர்ஸ் இல்லை என்றால், அந்த நிலையத்துக்கு அந்தப் பணியிடமே அனுமதிக்கப்படாமல் இருக்கலாம். அல்லது பணியிடம் இருந்தும் ஆள் இல்லாமல் இருக்கலாம். முதலாவது என்றால் நிதித்துறைக்குப் பங்கு உண்டு. இரண்டாவது என்றால் அந்த நர்ஸின் சம்பளத்துக்குப் பணம் பட்ஜெட்டிலேயே ஒதுக்கியாகிவிட்டது. ஆள் எடுத்துக் கொடுக்க வேண்டியது 2012-ல் தொடங்கிய மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். எந்த ஊரில் போடுவது என்பது துறையின் பொறுப்பு. வாங்க ஆளில்லாத அந்தச் சம்பளப் பணம் மார்ச் மாதம் சரண்டராகித் திரும்பி வரும்போது அந்தக் காகிதம் உங்கள் மேஜை வழியாகத்தான் போகும். எந்தத் துறையில் எத்தனை பணியிடம் என்று காட்டும் நம்பர் ஸ்டேட்மென்ட்டை வருடா வருடம் வரி வரியாகப் பார்க்கிறவர் நீங்கள். அண்ணியின் ஊர் இந்த இரண்டில் எது என்று பார்த்தீர்களா? கடிதத்தில் இல்லை. எனக்கு உறுத்தியது அந்த இடம்தான். குற்றவாளி என்று ஒத்துக்கொண்டு ஊரிலிருந்து கிளம்பி வந்துவிட்டீர்கள், வழக்கு என்னவென்றே விசாரிக்காமல்.

அடுத்து, அந்த 'ஏற்க இயலாது'. அதற்கு முன்னால் எத்தனை பக்கம் எழுதினீர்கள் என்று சொல்லவில்லை. அந்த இரண்டு சொல்லை நானும் நிறைய எழுதியிருக்கிறேன், அதனால் கேட்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். ஒரு துறை வாகன எரிபொருளுக்குக் கேட்ட தொகையை முந்தைய ஆண்டுச் செலவைப் பார்த்துப் பாதியாக வெட்டினேன். கணக்கில் பிழையே கிடையாது. மேலதிகாரி பாராட்டினார்கூட. ஜூலையில் அந்தத் துறையிலிருந்து ஒரு பெரியவர் நேரில் வந்தார். சண்டை போடவில்லை. "தம்பி, போன வருஷம் பாதி ஜீப்பு ஒர்க்‌ஷாப்புல நின்னுது. டீசல் எப்படிச் செலவாகும்?" என்றார். ரிப்பேருக்குப் பணம் தராததும் எங்கள் செக்‌ஷன்தான் என்பதை அவர் சொல்லவில்லை. அதை நானே பழைய ஃபைலில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம், போன வருடச் செலவு குறைவாக இருந்தால், ஏன் குறைவு என்று விளக்கம் கேட்டு ஒரு கொரி (query) போடாமல் நான் பேனாவைத் திறந்ததில்லை.

பணியிடம் கேட்டு வரும் ஃபைலில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதும் உண்மைதான். கட்டடம் கட்டினால் ஒருமுறைச் செலவு. மருத்துவத்துக்கான மூலதனச் செலவுத் தலைப்பான 4210-ல் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். அதற்குள் உட்காரும் ஆளின் சம்பளம் வருவாய்ச் செலவுத் தலைப்பான 2210-ல் வருடா வருடம் வந்து நிற்கும். நூறு பணியிடம், ஒருவருக்கு எல்லாம் சேர்த்து மாதம் 50,000 ரூபாய் என்று வையுங்கள். முதல் ஆண்டு 6 கோடி. 3 சதவீத ஊதிய உயர்வும், ஜனவரி ஜூலை அகவிலைப்படியும் சேர்ந்து ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் பத்தாவது ஆண்டில் அது 12 கோடி. பத்தாண்டுக்கும் சேர்த்துக் கூட்டினால் ஏறக்குறைய 87 கோடி. துறையின் கருத்துருவில் பெரும்பாலும் அந்த முதல் ஆண்டு 6 கோடி மட்டும்தான் இருக்கும். மீதியை எழுதிக் காட்ட அரசாங்கத்தில் உங்களை விட்டால் ஆளில்லை. 2025-26 பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை மட்டும் ஏறத்தாழ 41,635 கோடி. மாதச் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் வட்டிக்கும் போக மிச்சம் இருப்பதில்தான் புதிதாக எதையும் செய்ய முடியும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த 87 கோடியை எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே என்ன வர வேண்டும்? 'ஏற்க இயலாது' வந்தால் மந்திரிக்கு இரண்டே வழி: ஆமாம் போடுவது, இல்லை போடுவது. துறையில் ஏற்கனவே இத்தனை இடம் காலி, அதை நிரப்பிவிட்டு வரட்டும். பிரசவம் குறைந்துபோன நிலையங்களில் உபரியாக இருப்பவர்களை மாற்றட்டும். முதல் கட்டமாக நாற்பது இடம் தரலாம், மீதியை அடுத்த ஆண்டு பார்க்கலாம். இப்படி மூன்று கதவைத் திறந்து வைத்திருந்தால் அந்த ஃபைல் அப்படியே முழுசாக ஒப்புதலாகியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். ஒரே கதவை நீங்களே சாத்தினீர்கள். உடைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

போனால் போகட்டும். அதில் அவமானம் என்ன இருக்கிறது? முடிவெடுக்கும் உரிமை ஓட்டு வாங்கி வந்தவர்களுக்கு. அரசியல் சாசனத்தின் 203-வது பிரிவுப்படி, துறைகள் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையை ஏற்கவும் குறைக்கவும் மறுக்கவும் சட்டமன்றத்துக்குத்தான் அதிகாரம். உங்களுக்கும் எனக்கும் இல்லை. ராத்திரி நர்ஸ் வேண்டும் என்று தொகுதியில் கேட்டுவிட்டு வந்த ஒருவர், 87 கோடி ஆகும் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டால், அதுதான் ஜனநாயகம். தெரியாமல் போட்டால் மட்டும்தான் உங்கள் மேல் தப்பு. செக்‌ஷனில் சிரித்தவர்கள் இன்னும் எத்தனை நோட் எழுதப் போகிறார்களோ, அவர்களுக்கும் ஒருநாள் வரும்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். உங்கள் கருத்தைத் தள்ளிவிட்டு மேலே வேறு முடிவு எடுப்பது ஒரு விஷயம். உங்களைக் கூப்பிட்டு, 'அந்தப் பத்தாண்டுக் கணக்கை எடுத்துவிடு, ஆறு கோடி மட்டும் இருக்கட்டும்' என்பது வேறு விஷயம். முதலாவதற்குத் தலையாட்டி, நிதித்துறை இசைவுக்கான அ.சா. எண்ணைப் போட்டு அனுப்பிவிடுங்கள். இரண்டாவதற்குச் சம்மதிக்காதீர்கள். சத்தமும் போட வேண்டாம். "கணக்கு அப்படியே இருக்கட்டும் சார், அதற்குக் கீழே நீங்கள் எழுதுங்கள்" என்று பணிவாகச் சொன்னால் போதும். என் அனுபவத்தில் பத்துக்கு ஒன்பது பேர் அதோடு விட்டுவிடுவார்கள். நாளைக்குத் தணிக்கைக்காரர் வந்து பார்ப்பார், சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு கேட்கும், தகவல் உரிமைச் சட்டத்தில் யாராவது நோட் பக்கத்தையே நகல் கேட்பார். அன்றைக்கு நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் பெயர் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

அயற்பணி. போகலாம், தப்பே இல்லை. ஆனால் வருத்தத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள். இன்னும் கொஞ்ச நாளில் திருத்திய மதிப்பீடும் அடுத்த ஆண்டு மதிப்பீடும் மூட்டை மூட்டையாக வரும், பிப்ரவரி வரை வீட்டில் சோறு ஆறிக் கிடக்கும். அது முடிந்து மானியக் கோரிக்கை விவாதமும் ஓய்ந்த பிறகு யோசியுங்கள். ஒரு வாரியத்தில் ஒரு வருடம் உட்கார்ந்து, நிதித்துறையிடம் கை நீட்டி நிற்பது எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் உங்கள் நோட் வேறு மாதிரி இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் போகவில்லை. போயிருந்தால் அந்த ஜீப் விஷயம் நடந்திருக்காது.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அண்ணியின் ஊர் நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட செவிலியர் எத்தனை, இருப்பது எத்தனை என்று மாவட்ட சுகாதார அலுவலகத்தில் கேளுங்கள். உறவுக்காரி என்று சொல்லாமல் கேளுங்கள். காலியிடம் என்றால், அடுத்து அந்தத் துறை புதுப் பணியிடம் கேட்டு ஃபைல் அனுப்பும்போது உங்கள் முதல் கொரி, அனுமதித்தவற்றில் ஊர்வாரியாகக் காலியாக உள்ளவை எத்தனை, எத்தனை மாதமாக என்பதாக இருக்கட்டும். பணியிடமே அனுமதிக்கப்படவில்லை என்றால், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அண்ணியிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள்.