பிரெண்டன் ஐக் விலகியதற்காக ஃபயர்பாக்ஸைப் புறக்கணிப்பதில் அர்த்தம் உண்டா?

கோபம் புரிகிறது, கணக்குதான் இடிக்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்கு: எல்லா பிரவுசரிலும் வலைப்பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியை உருவாக்கியவரும், ஃபயர்பாக்ஸ் பிரவுசரைத் தரும் மொசில்லாவைத் தொடங்கியவர்களில் ஒருவருமான ஐக், 2014 மார்ச் 24 அன்று அதன் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். கலிஃபோர்னியாவில் தன்பாலினத் திருமணத்துக்குத் தடை கேட்ட 'எட்டாம் முன்மொழிவு' என்ற மக்கள் வாக்கெடுப்பின் ஆதரவுப் பிரசாரத்துக்கு 2008இல் அவர் 1,000 டாலர் கொடுத்திருந்தார். அதைச் சொல்லி எதிர்ப்பு கிளம்பியது. ஓகேகியூபிட் என்ற டேட்டிங் தளம், ஃபயர்பாக்ஸில் வருபவர்களை வேறு பிரவுசருக்குப் போகச் சொல்லி அறிவிப்பே போட்டது. (ஜாவாஸ்கிரிப்ட் இல்லாத பிரவுசர் எது என்று மட்டும் சொல்லவில்லை!) ஏப்ரல் 3இல் ஐக் விலகினார். உடனே மறுதரப்பு, "சொந்தக் கருத்துக்காக ஒரு மனிதரைத் துரத்திவிட்டீர்கள்" என்று தானும் ஃபயர்பாக்ஸைத் தூக்கி எறியக் கிளம்பியது. இரண்டு வாரத்துக்குள் இரண்டு பக்கமும் அடி.

தங்கள் திருமணமே செல்லக்கூடாது என்ற பிரசாரத்துக்குப் பணம் கொடுத்தவர் தலைவராக வந்தால் ஊழியர்கள் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். அதே சமயம், நன்கொடை விவரம் 2012லேயே வெளியே வந்துவிட்டது. அதன் பிறகும் அவர் அங்கேதான் தொழில்நுட்பத் தலைவராக இருந்தார். நிர்வாகக் குழு இதை முன்பே யோசித்திருக்க வேண்டும்.

சரி, புறக்கணிப்புக்கு வருவோம். ஃபயர்பாக்ஸ் இலவசம். அதன் வருமானத்தில் பெரும்பகுதி தேடுபொறி ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. அப்போது பணம் கொடுத்தது கூகுள். நீங்கள் ஃபயர்பாக்ஸில் தேடினால் கூகுள் தன் விளம்பர வருமானத்திலிருந்து மொசில்லாவுக்குக் கொடுக்க வேண்டும். கூகுளின் சொந்த பிரவுசரான குரோமுக்குப் போய்த் தேடினால் அந்தப் பணமும் கூகுளிடமே தங்கிவிடும். இன்னொன்று, அதே எட்டாம் முன்மொழிவை எதிர்ப்பதாக 2008லேயே கூகுள் வெளிப்படையாக அறிவித்தது; எழுதியவர் செர்கே பிரின். ஐக்குக்கு ஆதரவாகக் கிளம்பியவர் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்!

அப்புறம், ஐக் தொடங்கிய பிரேவ் பிரவுசரும் இன்று ஓடுவது குரோமுக்கும் அடிப்படையான, கூகுளின் குரோமியம் என்ற மென்பொருளின் மேல்தான். ஃபயர்பாக்ஸோ வலைப்பக்கத்தைத் திரையில் காட்டும் கெக்கோ என்ற சொந்த எஞ்சினை இன்னும் வைத்திருக்கிறது. நான் அதை விடாததற்கு அதுவே காரணம். தலைவர் யார் என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

ஐக் மேல் அபிமானம் இருந்தால் பிரேவைப் பயன்படுத்துங்கள், அதிலாவது ஒரு நியாயம் இருக்கிறது. அவருக்காகக் கோபப்பட்டு குரோமுக்குப் போனவர்களைத்தான் எனக்குப் புரியவே இல்லை.