கேள்வி பதில்: "எந்தத் தெரு?"

கேள்வி: ஒரே பஸ்ஸில் போகிறோம், ஒரே ஹோட்டலில் சாப்பிடுகிறோம். இப்போது யார் சாதி பார்க்கிறார்கள்? இன்னும் எத்தனை நாள்தான் சமூக நீதி என்று பேசிக்கொண்டிருப்பது?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: போன மாசியில் எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பி, லாரியை வரச்சொன்னேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு ஐம்பது வயதிருக்கும். இன்னொருவருக்கு இருபதைத் தாண்டியிருக்காது. மேலே நின்ற தண்ணீரைக் குழாய் இழுத்துவிட்டது. அடியில் கெட்டியாகப் படிந்திருந்த கசடு அசையவில்லை. இளையவர் சட்டையைக் கழற்றிச் சுவரில் போட்டார். "இறங்கி வாளியில அள்ளிடுறேன் சார். ஐந்நூறு சேர்த்துக் கொடுங்க."

வேண்டாம் என்றேன். ஆனால் உடனே சொல்லவில்லை. வேலை இன்றே முடிந்துவிடுமே என்று ஐந்தாறு விநாடி யோசித்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அந்தக் கசட்டைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளிவரும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்கப் போகிறவரும் விழுவார். இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்தே செத்துப்போவது இதனால்தான்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது, கையால் மலம் அள்ளவைப்பதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது லாரிக்காரருக்கு மட்டுமல்ல, வேலைக்குக் கூப்பிட்ட வீட்டுக்காரருக்கும் பொருந்தும். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தரவேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. உயர்த்தவேண்டிய நிலையில்தான் நாடு இருந்தது.

சரி, இதில் சாதி எங்கே வந்தது என்பீர்கள். துப்புரவுத் தொழிலாளர் பாதுகாப்புக்கான ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் கணக்கெடுக்கப்பட்ட சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பட்டியல் சாதியினர். மக்கள்தொகையில் அவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு.

டீ கொடுத்தபோது அந்த இளைஞரிடம் பேசினேன். பத்தாவது பாஸ். வேறு வேலை தேடவில்லையா என்று கேட்டேன்.

"ஒரு கடைக்குப் போனேன் சார். நாளைக்கே வரச்சொன்னாங்க. அப்புறம் எந்த ஊர்னு கேட்டாங்க, சொன்னேன். ஊர்ல எந்தத் தெருன்னு கேட்டாங்க. அதையும் சொன்னேன். போன் பண்றோம்னாங்க."

பஸ்ஸில் பக்கத்தில் உட்காருவது பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. எத்தனையோ பேர் அடிபட்டு வாங்கிக் கொடுத்தது அது. ஆனால் அதே பஸ்ஸில் வேலை தேடிப் போனவரிடம் இறங்கியதும் தெருப் பெயரைக் கேட்கிறார்களே, அதைப் பற்றித்தான் இன்னும் பேசவேண்டியிருக்கிறது.

மறுநாள் தண்ணீரைப் பீய்ச்சும் இயந்திரத்தோடு வேறு லாரி வந்து கசட்டைக் கரைத்து இழுத்தது. செலவு கூடத்தான் ஆயிற்று. உங்கள் வீட்டு டேங்க் நிரம்பினால், கழிவகற்றும் லாரிக்கான உதவி எண் 14420-க்கு அழையுங்கள். யாராவது சட்டையைக் கழற்றினால், என்னைப் போல யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள்.