மறைந்த பாடகர்களை ரீல்ஸ் தலைமுறை கண்டுபிடித்துக் கொண்டாடுவது உண்மையான ரசனையா, வெறும் டிரெண்டா?

ரசனை உண்மைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேள்வியில் 'பாடகர்களை' என்று கேட்டிருக்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. இணையம் கண்டுபிடிப்பது பெரும்பாலும் பாட்டைத்தான். பாடியவர் பெயர் மெதுவாகத்தான் வந்து சேரும், பல சமயம் வருவதே இல்லை. மலேசியா வாசுதேவனை வைத்துச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த குரல், கொஞ்சம் பாரபட்சம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் இறந்தது 2011 பிப்ரவரியில். 2024 செப்டம்பரில் ஒரே மாதத்தில் இரண்டு தடவை திரும்பி வந்தார். 'லப்பர் பந்து' படத்தில் தினேஷ் நடித்த கெத்து என்ற பாத்திரம் மட்டையோடு களத்தில் இறங்கும்போதெல்லாம் 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' ஒலிக்கும். 1989இல் விஜயகாந்த் நடித்து வந்த 'பொன்மனச் செல்வன்' படப் பாட்டு, இளையராஜா இசை. படம் வந்த கொஞ்ச நாளில் ஊருக்கு ஊர் டென்னிஸ் பந்து மேட்ச்களில் மைக் செட்டில் அந்தப் பாட்டுதான். அதே மாதம் ரஜினியின் 'வேட்டையன்' படத்திலிருந்து 'மனசிலாயோ' வெளியானது. அதில் செயற்கை நுண்ணறிவு கொண்டு அவர் குரலை மறுபடி உருவாக்கியிருந்தார்கள். மகன் யுகேந்திரன் பெயரும் பாடகர் பட்டியலில் இருந்தது.

இரண்டுக்கும் மக்கள் எப்படி எதிர்வினை செய்தார்கள் என்பதைக் கவனித்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். 'தங்கக் குடம்' வீடியோக்களின் கீழே வாசுதேவன் பெயரைவிட அதிகமாக நான் பார்த்த சொல் 'கேப்டன்'. நியாயம்தான். விஜயகாந்த் இறந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, படமே அவருடைய ரசிகனைப் பற்றியது. ஊரே துக்கத்தை அந்தப் பாட்டில் இறக்கி வைத்தது. குரல் யாருடையது என்று யோசிக்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. 'மனசிலாயோ'வில் நேர்மாறாக நடந்தது. பாட்டைவிடப் பெயர்தான் முதலில் செய்தியானது. 'இறந்தவர் பாடுகிறார்' என்பதே விளம்பரம். ஆக, ஐம்பது வயதுக்காரர்கள் கண்கலங்கினார்கள், இருபது வயதுக்காரர்கள் 'யார் இவர்?' என்று தேடினார்கள்.

அதற்கும் முன்னால் 2021இல் ஒரு சுற்று நடந்திருந்தது. 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தின் 'பேர் வச்சாலும் வைக்காம போனாலும்' பாட்டை 'டிக்கிலோனா'வில் யுவன் புதுத் தாளம் சேர்த்துப் போட்டார், குரல்கள் அதே பழைய வாசுதேவன், ஜானகி குரல்கள்தான். ரீல்ஸில் அது ஓடிய ஓட்டத்தைச் சொல்லவே வேண்டாம்.

என் அக்கா பையன் கல்லூரியில் படிக்கிறான். 'தங்கக் குடம்' பாட்டை வரி பிசகாமல் பாடுவான். யார் பாடினது என்று கேட்டேன். "எஸ்.பி.பி.தானே மாமா" என்றான். அவனைக் குறை சொல்லி என்ன செய்ய? எஸ்.பி.பி. ஹிட்ஸ் என்று தொகுத்துப் போட்டவற்றில் 'கோடைக் காலக் காற்றே' இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். 1981இல் வந்த 'பன்னீர் புஷ்பங்கள்' பாட்டு, முழுக்க முழுக்க வாசுதேவன். (அந்தப் படத்தை இயக்கிய பாரதி - வாசு இரட்டையரில் ஒருவர்தான் பின்னால் 'பொன்மனச் செல்வன்' எடுத்த பி. வாசு.) '16 வயதினிலே' படத்தில் எஸ்.பி.பி.க்குத் தொண்டை சரியில்லாமல் போனதால்தான் 'ஆட்டுக்குட்டி முட்டையிட்டு' பாடும் வாய்ப்பு இவருக்கு வந்தது என்று சொல்வார்கள். அப்படிக் கிடைத்த இடத்தில் நின்று முத்திரை பதித்தவர் பாட்டுகள், இத்தனை வருடம் கழித்து அதே எஸ்.பி.பி. கணக்கில் போய்ச் சேருகின்றன. எஸ்.பி.பி. இருந்திருந்தால் அவரே முதல் ஆளாகத் திருத்தியிருப்பார்.

அவனுக்கு விளக்கமெல்லாம் சொல்லவில்லை, 'மிஸ்டர் பாரத்' படத்தின் 'என்னம்மா கண்ணு' பாட்டைப் போட்டுக் காட்டினேன். சத்யராஜுக்கு வாசுதேவன், ரஜினிக்கு எஸ்.பி.பி. இரண்டு குரலும் மாறி மாறி வரும். எஸ்.பி.பி. சொற்களை வழுக்கிக்கொண்டு போவார், ஓரத்தில் ஒரு சிரிப்பு தொக்கி நிற்கும். வாசுதேவன் நெஞ்சிலிருந்து பாடுவார். 'ஆ' என்று வாயைத் திறந்தால் முழுசாகத் திறக்கும், அடியில் கொஞ்சம் கரகரப்பு, சவால் விடுகிற மாதிரி ஒரு நிமிர்வு. இரண்டாவது தடவை கேட்கும்போது பையனே "இது அவரு, இது இவரு" என்று விரலை நீட்டிச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். ஆக, காது இருக்கிறது. பெயர் எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. டிரெண்டில் மேலே வந்தது எல்லாமே துள்ளல் வாசுதேவன். கும்மாளம், சவடால், திருவிழா. 'பொதுவாக எம்மனசு தங்கம்' அந்த வகையில் எப்போதுமே இருந்தது, ஜல்லிக்கட்டு வீடியோ எடுப்பவர்களுக்கு அது தேசிய கீதம். ஆனால் 'முதல் மரியாதை'யில் 'பூங்காற்று திரும்புமா' பாடியதும் இதே ஆள்தான். சிவாஜி என்றாலே டி.எம்.எஸ். குரல் என்று பழகிப்போன காதுகளுக்கு, கிராமத்துப் பெரியவர் ஒருவர் தனக்குத்தானே புலம்புவது மாதிரி ஒரு குரலைக் கொடுத்தார். வைரமுத்துவுக்கு முதல் தேசிய விருது வாங்கித் தந்த படத்தின் பாட்டு அது. அதை முப்பது நொடியாக வெட்டிப் பாருங்கள், ஒன்றும் நிற்காது. பாட்டு மெல்ல மெல்ல இறங்கும், ஜானகி குரல் பதில் சொல்லும்வரை நாம் காத்திருக்க வேண்டும். ரீல்ஸுக்கு அந்தக் காத்திருப்பு ஒத்துவராது. 'நண்டு' படத்தின் 'அள்ளித் தந்த பூமி'க்கும் இதே கதிதான். ஒரு பாடகரின் நாற்பது முகங்களில் ஒன்றை எடுத்து அதையே முழு ஆளாக்கிவிடுவதுதான் இந்தக் கொண்டாட்டத்தில் எனக்கு உள்ள வருத்தம்.

பெயரே வந்து சேராதவர்களும் இருக்கிறார்கள். 2022இல் 'விக்ரம்' படம் வந்தபோது அதில் ஒலித்த 'சக்கு சக்கு வத்திக்குச்சி' மறுபடி தீப்பிடித்தது. என் அலுவலகத்தில் ஒருவர் அதை அனிருத் வேண்டுமென்றே பழைய பாணியில் போட்டது என்றே நினைத்திருந்தார். 1995இல் வந்த 'அசுரன்' படத்துக்காக ஆதித்யன் இசையமைத்தது. 'அமரன்', 'சீவலப்பேரி பாண்டி' எல்லாம் அவர் படங்கள். பிற்பாடு டிவியில் சமையல் நிகழ்ச்சி நடத்தினார், அதில்தான் பலருக்கு அவரைத் தெரியும். 2017இல் இறந்துபோனார். ஐந்து வருடம் தள்ளிப் போயிருந்தால் நாடே தன் பாட்டுக்கு ஆடுவதைப் பார்த்திருப்பார்.

பார்க்கக் கொடுத்து வைத்தவர்களும் உண்டு. அமெரிக்கப் பாடகி கோனி பிரான்சிஸ் 1962இல் பாடிய 'பிரிட்டி லிட்டில் பேபி' 2025இல் டிக்டாக்கில் திடீரென்று உலகம் முழுக்கப் பரவியது. அப்போது அவருக்கு வயது 87. அப்படி ஒரு பாட்டைப் பாடியதே தனக்கு மறந்துவிட்டது என்றார். அதே வருடம் ஜூலையில் காலமானார். சில வாரங்கள்தான் என்றாலும் அவர் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார்.

செயற்கை நுண்ணறிவுக் குரல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதைக் கேட்டு நானும் ஒரு கணம் சிலிர்த்தேன். 2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்துக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் இப்படிக் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி உரிய தொகையும் கொடுத்ததாகச் சொன்னார். முறையான வழி. ஆனால் கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இந்த முறையில் உயிரோடு இருக்கும் ஒருவர் முதலில் பாட வேண்டும். பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்ட குரல் நிறத்தை இயந்திரம் அதன்மேல் பூசுகிறது. எங்கே மூச்சு வாங்குவது, எந்தச் சொல்லை அழுத்துவது, எங்கே லேசாகத் தாளத்துக்குப் பிந்தி வருவது என்பதெல்லாம் பாடிய ஆளின் முடிவு. வாசுதேவனை வாசுதேவன் ஆக்கியதே அந்த முடிவுகள்தான். நிறம் அவருடையது, பாட்டு அவருடையது இல்லை. ரஜினி படத்துக்கு அந்தப் பழைய குரலைத் தேடிப் போனதில் இருக்கும் பாசம் புரிகிறது. இருந்தாலும் அதைக் கேட்டுவிட்டு 'மலேசியா வாசுதேவனைக் கேட்டேன்' என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்கிறது.

ஆகவே டிரெண்டா, ரசனையா என்று பிரித்துப் பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. டிரெண்டாக வந்தவர்களில் பத்துப் பேரில் ஒருவர் உள்ளே நுழைந்துவிடுகிறார், அது போதும். நமக்கு ரேடியோவில் 'பாடியவர்கள்' என்று அறிவிப்பாளர் ஒவ்வொரு பாட்டுக்கும் சொன்னார். இவர்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. வீடியோ போடுகிறவர்கள் படம், வருடம், இசை, பாடியவர் என்று ஒரு வரி கீழே எழுதினால் பாதிப் பிரச்சினை தீரும்.

ரீல்ஸ் வழியாக வாசுதேவனிடம் வந்தவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் 'தர்மயுத்தம்' படத்தின் 'ஒரு தங்க ரதத்தில்' கேளுங்கள். அப்புறம் 'கன்னிப் பருவத்திலே' படத்தின் 'பட்டு வண்ண ரோசாவாம்', பிறகு 'கோடைக் காலக் காற்றே'. 'பூங்காற்று திரும்புமா'வை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் நிறுத்தாமல்.