பேர் எழுதாத வரியப் பாருங்க: கம்ப்யூட்டர் கேள்வி பதில்

கேள்வி: சார், நான் கோவில்பட்டியில இருந்து எழுதுறேன். 2014ல வாங்குன கம்ப்யூட்டர் போன மாசம் ஒரேடியா படுத்துருச்சு. நான் வீட்ல இருந்தே ரெண்டு கடைக்கு டேலியில கணக்கு எழுதுறேன், பொண்ணு பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ், பையன் எட்டாவது, அவனுக்கு வேலரன்ட் கேம் ஓடணுமாம். கடையில குடுத்த கொட்டேஷன்: ஐ5 12400எஃப் ப்ராசஸர், எச்610 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, ஜிடி 730 கிராபிக்ஸ் கார்டு, 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ், 4 ஃபேன் ஆர்ஜிபி கேபினெட், விண்டோஸும் ஆபீஸும் ஃப்ரீ. மானிட்டர் பழசே போதும்னுட்டேன். இது சரியா இருக்கா? பழைய பெட்டியில இருந்து எதாச்சும் எடுத்துப் போட்டுக்கலாமா?

பதில்: கொட்டேஷன அப்படியே எழுதி அனுப்புனதுக்கு நன்றி மேடம், பாதி பேர் "நல்ல கம்ப்யூட்டர் ஒன்னு சொல்லுங்க"னு ஒத்த வரியில முடிச்சுடுறாங்க. நான் எந்த கொட்டேஷன பாத்தாலும் மொதல்ல தேடுறது, எந்த வரியில கம்பெனி பேர் இல்லங்கிறதத்தான். உங்களதுல ப்ராசஸருக்கு நம்பர் முழுசா இருக்கு, ஏன்னா அத நீங்க கூகுள்ல தட்டிப் பாப்பீங்கனு கடைக்காரருக்குத் தெரியும். ரேமுக்கு பேர் இல்ல, எஸ்எஸ்டிக்கு இல்ல, உள்ள எல்லாத்துக்கும் கரன்ட் பிரிச்சு குடுக்குற எஸ்எம்பிஎஸ்க்கு இல்ல. லாபம் அங்கதான் உக்காந்திருக்கு.

பேர் இருக்குற வரியிலயும் ஒரு வேல நடந்திருக்கு பாருங்க. 12400 கடைசியில ஒரு எஃப் இருக்குல்ல, அந்த எஃப் இருந்தா ப்ராசஸர்க்குள்ள கிராபிக்ஸ் கிடையாதுனு அர்த்தம், தனியா கார்டு போடலன்னா மானிட்டர்ல ஒன்னுமே வராது. அதனாலதான் அந்த ஜிடி 730ய கூட சேத்திருக்காங்க, பாக்குறவங்களுக்கு "கிராபிக்ஸ் கார்டே வருதே"னு சந்தோஷம். ஆனா அந்த கார்டு வந்தது 2014ல, உங்க வீட்ல படுத்த கம்ப்யூட்டரும் அதுவும் ஒரே வயசு. 2021க்கு அப்புறம் அதுக்கு புது கேம் டிரைவர் வர்றதில்ல. யூட்யூப் வீடியோவ இப்ப விபி9, ஏவி1னு ரெண்டு ஃபார்மேட்ல அனுப்புது, அந்த கார்டால ரெண்டையும் பிரிக்க முடியாது, எல்லா பாரமும் ப்ராசஸர் தலையில விழும். எஃப் இல்லாத சாதா 12400ல உள்ளயே யூஹெச்டி 730னு கிராபிக்ஸ் இருக்கு (அங்கயும் அதே 730, யாரு பேர் வெக்கிறாங்களோ), அது இந்த ரெண்டு ஃபார்மேட்டையும் அலட்டாம ஓட்டும்.

டேலி, வீடியோ, படிப்பு இவ்ளோதான்னா எஃப் இல்லாத 12400 போதும்னு சொல்லி முடிச்சிருப்பேன். பொண்ணுக்கு பிளஸ் ஒன்ல சி++, பிளஸ் டூல பைத்தான், அதெல்லாம் எந்த மெஷின்லயும் ஓடும். பையன் இருக்கானே, அவனுக்காக நான் சொல்றது ஏஎம்டி ரைசன் 5 5600ஜி, இல்ல 5600ஜிடி. 6 கோர், உள்ள இருக்குற கிராபிக்ஸ் இன்டெல்லோடத விட நல்லாவே பெருசு, வேலரன்ட் கார்டு இல்லாமயே செட்டிங்க கொறச்சு வெச்சு ஓடும். பின்னால பத்தாவது முடிச்சு மார்க் வாங்குனான்னா ஒரு கார்டு வாங்கி சொருகிக்கலாம், இப்ப வேணாம். போர்டு ஏ520 இல்ல பி550. பழைய ஸ்டாக் பி450 தள்ளி விடப் பாத்தாங்கன்னா பயாஸ் (ஆன் பண்ணதும் போர்டு மொதல்ல ஓட்டுற சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணிதான் குடுக்கணும்னு சொல்லிடுங்க, பழைய பயாஸ்ல 5600ஜி எந்திரிக்காது. உங்க பழைய மானிட்டர் விஜிஏ வயர்னு நெனைக்கிறேன், போர்டு பின்னாடி அந்த நீல கலர் போர்ட் இருக்கானு பாத்துக்கோங்க.

ரேம் பத்தி கொஞ்சம் நீட்டி சொல்றேன், ஏன்னா இப்ப காசு அதிகமா எரியிறது அதுலதான். 2025 கடைசியில இருந்து ரேம் வெல ரெண்டு மடங்குக்கு மேல ஏறிப் போச்சு. உலகத்துல பெரும்பாலான மெமரி சிப்ப செய்யிறது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் இந்த மூணு பேர்தான், அவங்க ஏஐ டேட்டா சென்டருக்கு விக்கிறதுல எறங்கிட்டாங்க, நம்ம வீட்டு ரேமுக்கு சரக்கு கொறஞ்சு போச்சு. அதனால கடையில ஒத்த 8 ஜிபிய போட்டு "அப்புறம் இன்னொன்னு போட்டுக்கலாம்"பாங்க. அதுல எனக்கு சம்மதமே இல்ல. 5600ஜிக்குள்ள இருக்குற கிராபிக்ஸுக்கு தனியா மெமரி கிடையாது, இதே ரேமத்தான் பங்கு போட்டுக்கும். இந்த போர்டுக்கு வர்ற டிடிஆர்4 3200 ரக ரேம் ஒரு குச்சி போட்டா செகண்டுக்கு 25.6 ஜிபி போகும் வரும், ரெண்டு குச்சி போட்டா 51.2, அதாவது ரோடு ரெண்டு வழியாயிரும். கேம்ல இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 8+8 வாங்குங்க, அதுக்காக அந்த ஆர்ஜிபி கேபினெட்ட விட்டுருங்க, லைட்டு வேணும்னா தீபாவளிக்கு வாங்குன சீரியல் செட்ட மாட்டிக்கட்டும்.

இப்ப எஸ்எம்பிஎஸ். உங்க மெஷின் மொத்தமா இழுக்கப் போறது 100, 150 வாட்ஸ்தான், அப்புறம் எதுக்கு நல்லது வாங்கணும்னு கேப்பீங்க. கரன்ட் ஏறி எறங்குறப்ப, போய் போய் வர்றப்ப நடுவுல நின்னு அடிய வாங்கிக்க வேண்டியது அதுதான், பேரில்லாத எஸ்எம்பிஎஸ் போறப்ப போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் கூடவே கூட்டிட்டு போயிரும். கடையிலயே அந்த டப்பாவ கையில வாங்கி லேபிள படிங்க. 12 வோல்ட்னு ஒரு கட்டம் இருக்கும், அதுக்கு கீழ எத்தன ஆம்பியர்னு பாத்து 12ஆல பெருக்குங்க. 16 ஆம்பியர்னு இருந்தா 192 வாட்ஸ், அப்ப மேல 450னு பெருசா போட்டிருக்குறது வெறும் பெயின்ட்டு. உண்மையான 450ல 12 வோல்ட்லயே கிட்டத்தட்ட எல்லாம் இருக்கணும். கோர்செயர், கூலர் மாஸ்டர், டீப்கூல், ஆன்டெக் மாதிரி பேர் இருக்குறதா, வாரன்டி குறைஞ்சது 3 வருஷமாச்சும் இருக்குறதா கேளுங்க. அவங்களோடது எல்லாமே ஒசத்தினு சொல்ல மாட்டேன், ஆனா போனா கேக்க ஒரு ஆள் இருக்கும்.

பழசுல இருந்து என்ன எடுக்கலாம்? மானிட்டர், கீபோர்டு, மவுஸ் அவ்ளோதான். ரேம் டிடிஆர்3ங்கிற பழைய ரகமா இருக்கும், புது போர்டுல காடியே சேராது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸ மறந்துருங்க. ஹார்ட் டிஸ்க்ல உள்ள டேலி டேட்டாவ மொத வேலையா காப்பி எடுத்து பென் டிரைவ்ல ஒன்னு, ஆன்லைன்ல ஒன்னுனு வெச்சுக்கோங்க, பத்து வருஷத்த தாண்டுன டிஸ்க்க நம்பி அடுத்தவங்க கணக்க வெக்கக் கூடாது. எஸ்எஸ்டி என்விஎம்இங்கிற வேகமான ரகமா, எந்த கம்பெனினு பில்லுல எழுதச் சொல்லுங்க, 512 ஜிபியே தாராளம்.

அந்த "விண்டோஸ் ஃப்ரீ" பெரும்பாலும் கிராக் பண்ணதா இருக்கும், நீங்க கடைங்களோட கணக்கு வெச்சிருக்கீங்க, வேணாம். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, அதனால 11தான் போடணும், அதுக்கு வேண்டிய டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதி இந்த ப்ராசஸர்லயே இருக்கு, பயாஸ்ல ஆன் ஆகியிருக்கானு மட்டும் பாக்கச் சொல்லுங்க, விண்டோஸ் 11ல வேலரன்ட்டும் அதத்தான் கேக்கும். ஒவ்வொரு பார்ட்டுக்கும் சீரியல் நம்பரோட ஜிஎஸ்டி பில் வாங்குங்க. "பில் இல்லாம 18 பர்சன்ட் கொறச்சு தர்றேன்"னு சொன்னா சிரிச்சுட்டு பில்லே போடச் சொல்லுங்க.

கேள்வி: புதுசா அசெம்பிள் பண்ண கேபினெட்ட தொட்டா சுர்ர்ருனு இழுக்குது. கடைக்காரர் எல்லா கம்ப்யூட்டரும் அப்படித்தான்ங்கிறார். – நாகர்கோவில் வாசகர்

பதில்: எல்லாம் அப்படித்தான், எர்த் இல்லாத வீட்ல. எஸ்எம்பிஎஸ் உள்ள கரன்ட்ட வடிகட்ட சின்ன கெப்பாசிட்டர் ரெண்டு இருக்கும், ஒன்னு ஃபேஸ்ல இருந்து தகர பாடிக்கு, இன்னொன்னு நியூட்ரல்ல இருந்து பாடிக்கு. எர்த் வயர் சரியா இருந்தா கசியிறது அந்த வழியா போயிரும், இல்லன்னா பாடியில பாதி வோல்டேஜ், அதாவது 115 பக்கத்துல நிக்கும், நீங்க வெறுங்கால்ல நின்னு தொட்டா உங்க வழியா போகும். ஆம்பியர் ரொம்ப கம்மிங்கிறதால வெறும் சுர்ருதான், ஆனா சும்மா விடாதீங்க, எலக்ட்ரீஷியன கூப்ட்டு அந்த பிளக் பாயின்ட்ல எர்த் நெஜமாவே இருக்கானு பாக்கச் சொல்லுங்க, நெறைய வீட்ல மூணாவது ஓட்ட வெறும் ஓட்டதான். சுர்ர தாண்டி அடிச்சா மெயின அமத்திட்டு அன்னிக்கே கூப்டணும். டூ பின் அடாப்டர் போட்டிருந்தீங்கன்னா இன்னிக்கே தூக்கிப் போடுங்க.

கேள்வி: ரைசன் 5 7600 வாங்கிட்டேன் அண்ணா, நானே அசெம்பிள் பண்ணலாமா? பயமா இருக்கு. – தஞ்சாவூர் கல்லூரி மாணவர்

பதில்: பண்ணுங்க தம்பி. ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரும் பொறுமையும் போதும். உங்களது ஏஎம்5ங்கிற சாக்கெட் ரகம், பின்னு எல்லாம் போர்டு சாக்கெட்லதான் நிக்கும், ப்ராசஸர முக்கோண குறிய பாத்து மெதுவா வெச்சுட்டு கைய எடுத்துருங்க, அமுக்காதீங்க, ஒரு பின் மடங்குனா வாரன்டி கிடையாது. என் மொத பில்டுல எல்லாத்தையும் மாட்டி பூஜையெல்லாம் போட்டு ஸ்விட்ச தட்டினா ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே இல்ல, பெட்டிய அப்படியே ஆட்டோல வெச்சு சென்னையில கம்ப்யூட்டர் கடைங்க இருக்குற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு தூக்கிட்டுப் போனேன், அங்க ஒரு பையன் எட்டிப் பாத்துட்டு ப்ராசஸருக்கு போற 8 பின் வயர சொருகிட்டு அடுத்த கஸ்டமர பாக்கப் போயிட்டான். அந்த வயர் போர்டோட மேல் ஓரத்துல இருக்கும், மறந்துராதீங்க. கூலர் அடியில பிளாஸ்டிக் உரை இருந்தா உரிச்சுருங்க. டிடிஆர்5ங்கிறதால மொத தடவ ஆன் பண்றப்ப அது ரேம பழகிக்க சில நிமிஷம் எடுத்துக்கும், ஸ்க்ரீன் கருப்பாவே இருக்கும், பயந்து போய் ஸ்விட்ச அமத்தாதீங்க, போய் ஒரு காப்பி குடிச்சுட்டு வாங்க.